கனகாம்பரம் வராத மண்

காய்ந்த கனகாம்பரக் கதிர்களை எவர்சில்வர் சருவத்தில் போட்டு, விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, மேலே தாம்பாளத்தைக் கவிழ்த்து மூடிவிட்டு அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சற்று நேரத்தில் உள்ளே டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு இன்னொன்று. பிறகு விடாமல். ஈரம் பட்டதும் காய்கள் வெடித்து, விதைகள் தாம்பாளத்தில் மோதுகிற சத்தம் அது. மூடாமல் விட்டால் விதை வீடு முழுவதும் பறந்துவிடும். கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன், "இன்னாடி, இந்நேரத்துல கடுகு தாளிக்கிற?" என்பார். "உனக்குத்தான்யா, பொரியல்" என்று அண்ணி பதில் சொல்வார். சத்தம் அடங்கியதும் தாம்பாளத்தைத் திறந்து, வழவழவென்று ஒட்டிக்கொண்டிருக்கும் விதைகளைக் கரண்டிக் காம்பால் வழித்தெடுத்துக் காகிதத்தில் பரப்பி நிழலில் உலர்த்துவார். அவர்கள் இருவரும் விளையாட்டாகப் பேசிக்கொள்ள நான் கேட்டது அந்தக் காலத்தில்தான்.

அண்ணி பிறந்தது பெரியபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். கோயிலுக்கு வருகிறவர்கள் வாங்கும் பூவை நம்பி அவர் வீட்டார் கொஞ்சம் நிலத்தில் கனகாம்பரம் போட்டிருந்தார்கள். அது ஒருமுறை ஊன்றினால் நாலைந்து வருஷம் நிற்கிற செடி. வெயிலுக்கு அஞ்சாது, நிழலிலும் பூக்கும், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் மறுநாள் மன்னித்துவிடும். அவர் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நிலம் கைமாறிவிட்டது. பெற்றோரும் சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்கள். விதை எடுக்கும் பழக்கம் மட்டும் அவரோடு வந்தது. குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் வாசல் ஓரத்தில் நாலு கனகாம்பரம் இருக்கும். வீடு மாறும்போது செடியைப் பிடுங்கமாட்டார்; கதிரை மட்டும் பறித்து முந்தானையில் முடிந்துகொள்வார். விதை போடாத டெல்லி கனகாம்பரத்தை அவருக்குப் பிடிக்காது. நர்சரிச் செடி எதையும் பிடிக்காது. ஒருமுறை நான் கவரைப்பேட்டை சந்தையில் பூத்த செடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனபோது, "நர்சரி செடி அதோட மண்ணையும் கூடவே எடுத்துக்கினு வந்துடுது தம்பி. விதை அப்டி இல்ல. நம்ம ஊட்டு மண்ணைத்தான் அது துன்னாவணும்" என்றார். அன்று அதைச் சாதாரணப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நானும் அண்ணனும் எங்கள் குடும்பத்திலிருந்து கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆட்கள். அப்பா கடைசிவரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அண்ணன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய உலோகங்களை உருக்கும் தொழிற்சாலை ஒன்றில் உலைப் பிரிவில் இருந்தார். நான் மீஞ்சூர்ப் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். அண்ணனுடைய மகள் பத்தாவது முடித்த வருஷம், கவரைப்பேட்டைக்கு உள்ளே ஏரி நிரம்பினால் கலங்கல் தண்ணீர் வழிந்தோடும் வழியை ஒட்டி அவர் மனை வாங்கினார். தாழ்வான இடம் என்பதால்தான் எங்களால் வாங்க முடிந்தது. அந்தத் தெருவில் மனை வாங்கிய எல்லோரும் எங்களைப் போன்றவர்கள். முதல் மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

மேடு பண்ண மண் வேண்டும். ஏரி மண்ணுக்கு லாரி வைக்க யாருக்கும் வசதியில்லை. ஆனால் தொழிற்சாலைகளிலிருந்து கழிவு ஏற்றிக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று அலையும் லாரிகள் எங்கள் பக்கத்தில் எப்போதும் உண்டு. கருங்கல் போல இறுகிய உலைக் கசடு, சாம்பல், கையில் எடுத்தால் மாவு போல வழுக்கும் ஒரு சாம்பல் நிறத் தூள். அண்ணன் டிரைவர்களிடம் பேசித் தன் தொழிற்சாலை லோடுகளைத் தெருவுக்குத் திருப்பிவிட்டார். ஒரு கோடைக்குள் தெரு முழுவதும் இடுப்பளவு உயர்ந்தது. மேலே ஒரு சாண் செம்மண் பரப்பினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் தெருவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்த வருஷம் தெருவில் கூழ் ஊற்றியபோது முதல் சொம்பை அண்ணன் கையில்தான் கொடுத்தார்கள். ஊர் விசேஷத்தில் முதல் மரியாதை வாங்கிய ஆள் எங்கள் வம்சத்தில் அதற்கு முன் யாருமில்லை. அந்தச் சொம்பைப் பிடித்தபடி அவர் நின்ற நிற்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பின்னால் நடந்த எதையும் அந்த நிற்பை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

வீடு எழும்பிய பிறகு, வந்த ஆடியில் அண்ணி பின்பக்கத்தில் பாத்தி கட்டி விதை போட்டார். முளைத்தது. இரண்டு ஜோடி இலை விட்டது. அதோடு நின்றது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவெல்லாம் மஞ்சளாகி, ஓரம் கருகி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தொழுவுரம் போட்டு மறுபடி விதைத்தார். மறுபடி அதே இரண்டு ஜோடி இலை. எதிர்வீட்டு அம்மா வேர்ப்புழு என்றார். நான் உப்பாக இருக்கலாம் என்றேன். "இருக்கலாம் தம்பி" என்றார் அண்ணி. வேலி ஓரத்தில் நித்தியகல்யாணி யாரும் விதைக்காமலே முளைத்துப் பூத்தது. அரளியும் நன்றாக வந்தது. அண்ணன் அதைக் காட்டி, "பாரு, அது வர்ல? ஒனக்குத்தான் கை ராசியில்ல" என்று கேலி செய்வார். "அரளில ஆடே வாய் வெக்காது. அது வந்தா இன்னா, வராட்டி இன்னா?" என்பார் அண்ணி.

பெரியபாளையத்திலிருந்து சிமெண்டுச் சாக்கில் மண் கட்டிக்கொண்டு அவர் பஸ்ஸில் வந்த நாளை என்னால் மறக்க முடியாது. நானும் கூட இருந்தேன். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அரிசியா?" என்றார். மண் என்றதும் பஸ்ஸே சிரித்தது. "ஏம்மா, கவரைப்பேட்டைல மண்ணுக்குப் பஞ்சமா? லக்கேஜ் போட்டா கவர்மெண்டே என்னைப் பாத்து சிரிக்கும், போ" என்று விட்டுவிட்டார். அந்த மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, அதே விதையைப் போட்டார். தொட்டியில் போட்டவை முழங்கால் உயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்தன. மகள் கல்யாணத்துக்கு மல்லிகை வெளியில் வாங்கினோம். கனகாம்பரம் முழுக்க அந்தத் தொட்டிப் பூதான். மகளை மீஞ்சூரில் கொடுத்தோம். மாப்பிள்ளை அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. குறை சொல்ல முடியாத குடும்பம்.

இதற்கிடையில் அண்ணன் தெருவில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது நடப்பதாக யாரும் சொல்லவில்லை. மனை வாங்கிய புதிதில் ஐந்தாறு வீடுகளில் ஆடு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் விற்றுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், சினை தங்கவில்லை என்பார்கள். ஒரு வீட்டில் என்றால் ஆட்டின் குறை. தெரு முழுவதும் அப்படி என்றால் என்ன என்று அண்ணி கேட்டார்.

மகளுக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, தொட்டிகளில் மிக நன்றாக இருந்த ஒரு செடி மஞ்சளாயிற்று. அதே மஞ்சள்: நரம்பு பச்சை, நடுவில் வெளுப்பு, ஓரத்தில் கருகல். மண் மாற்றவில்லை, உரம் மாற்றவில்லை, தண்ணீரும் மற்ற தொட்டிகளுக்கு ஊற்றிய அதே தண்ணீர்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருந்தேன். அண்ணி தொட்டியை அசைத்துப் பார்த்தார், அது தரையை விட்டு வரவில்லை. நான் ஒரு பக்கம் பிடிக்க, இருவருமாகத் தூக்கினோம். நார் அறுபடும் சத்தத்தோடு வந்தது. அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளை வழியாக வேர் வெளியே வந்து, செம்மண்ணைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. தொட்டிக்குள் இருந்த வேர் வெள்ளையாக இருந்தது. தரைக்குள் போயிருந்தது கரியாக, தொட்டால் உதிர்ந்தது. அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியபடியே இருந்தார். "தம்பி, இங்க நான் என் பொண்ணைக் கூட்டியாரப் போறேனா?" என்று கேட்டார். என்னைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அன்றைக்கு 'கனகாம்பரம் ஒன்று பட்டுப்போயிற்று' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அண்ணி கேட்டுக்கொண்டபடி மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் மண் பரிசோதனைக்குக் கொடுத்தேன். களர்த்தன்மை கூடுதல், தொழுவுரமும் ஜிப்சமும் இடவும் என்று பதில் வந்தது. உலோகம் ஏதாவது கலந்திருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் இங்கே பார்ப்பதில்லை, பயிருக்கு என்ன உரம் என்றுதான் பார்ப்போம் என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் தவறில்லை. வெளியில் வேறு எங்கேயாவது கொடுத்துப் பார்க்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தி தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று, "யக்கா, ஒன் செடி சாவறதுக்கு எங்க ஊட்டையெல்லாம் ஏன் சாவடிக்கற? நாளைக்கு ஒருத்தன் வாங்குவானா இந்த மனைய? லோன் யார் கட்றது?" என்று கத்தினார். அண்ணன் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு உள்ளே வந்து, இனி மண் என்கிற பேச்சு இந்த வீட்டில் வரக்கூடாது என்றார்.

வளைகாப்பு மீஞ்சூரில், மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. எங்கள் வழக்கத்தில் வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டும். முதல் பிரசவம் அங்கேதான். அதைச் செய்யாத தாய் என்று ஒருத்தியை நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் வாசலில் கார் நிறுத்தியிருந்தார். ஆரத்தி எடுத்ததும் சம்பந்தியம்மா, "நல்ல நேரம் போவுது, பொண்ணைக் கூட்டிக்கினு கெளம்புங்க" என்றார். அண்ணி எழுந்திருக்கவில்லை.

"நான் கூட்டிக்கினு போவல சம்பந்தி. அது இங்கயே இருக்கட்டும். நான் தெனம் வந்து பாத்துக்கறேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்தி, "இன்னாக்கா, இப்பவே செலவுக்கு பயந்துக்கினியா?" என்று சிரித்தாள். செலவெல்லாம் தன்னுடையதுதான், வீட்டு மண் சரியில்லை என்றார் அண்ணி. "அந்த மண்ணுலதான ஒங்க பொண்ணே வளந்துச்சு? வளந்து தானே எங்க ஊட்டுக்கு வந்துச்சு?" என்று சம்பந்தியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். "அது வளந்த பொண்ணா அங்க வந்துச்சு சம்பந்தி. வவுத்துல இருக்கறது அப்டி இல்லயே" என்றார் அண்ணி. அப்போது அண்ணன் உள்ளே வந்தார். கூடம் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் அவர் பார்க்கவில்லை.

"அது நான் கொட்டன மண்ணு. என் புள்ளைக்கு நான் வெசமாடி கொட்டுவேன்?"

"நீ தெரிஞ்சு கொட்டலய்யா" என்றார் அண்ணி. "இப்ப கூட்டிக்கினு போனா அது தெரிஞ்சு பண்றது."

மகள் இரண்டு கையிலும் வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "எனக்கு அம்மா ஊடு இல்லன்னு ஊரு கூட்டி சொல்லிட்ட, இல்ல?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. அண்ணன் காலியான காரில் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பினார். அண்ணியும் நானும் ரயிலில் வந்தோம்.

அடுத்த நாளிலிருந்து அண்ணி தினமும் காலை கவரைப்பேட்டையில் ரயிலேறி மீஞ்சூரில் இறங்குவார். கையில் டிபன் கேரியர். மகளுக்கு ஆக்குவதற்கென்று கேன் தண்ணீர் வாங்கினார். அண்ணன் அதைக் கையால் தொடமாட்டேன் என்று போர் தண்ணீரையே குடித்தார். அவர் குடிக்காததை அண்ணியும் குடிக்கவில்லை. மீஞ்சூரில் அவரைச் சமையலறைக்குள் விடவில்லை. உட்காரச் சொல்லி ஒரு பாய் போட்டவர்களும் இல்லை. சம்பந்தியம்மா கெட்டவரல்ல, ஆனால் பெண்ணின் தாய் தினமும் வந்து உட்காருவது அவருக்கும் தெருவில் பேஜாராகத்தான் இருந்தது. மகள் கேரியரை வாங்கி, சாப்பிட்டு, கழுவித் திருப்பிக் கொடுப்பாள். அண்ணி கால் பிடித்துவிடக் கேட்டால் வேண்டாம் என்பாள். சாயங்கால ரயிலில் கம்பெனிப் பெண்கள் கூட்டத்தில் நின்றுகொண்டே அவர் திரும்புவதை, ஷிப்ட் முடிந்து வரும் நான் சில நாள் பார்த்திருக்கிறேன். "எப்டி இருக்குது பொண்ணு?" என்றால், "சாப்ட்டுச்சு தம்பி" என்பார்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண். எடை, அழுகை, எல்லாம் சரியாக இருந்தன. பார்க்க வந்த ஒவ்வொருவரும், "பாத்தியா, இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? அங்க வெச்சிருந்தாலும் இப்டித்தான் பொறந்திருக்கும்" என்றார்கள். அதை மறுக்க யாராலும் முடியாது. நடக்காமல் போன ஒன்றுக்குச் சாட்சி கிடையாது. அண்ணியை எல்லோரும் பழித்ததற்குக் காரணமே அவர் விரும்பியபடி குழந்தை நன்றாக இருந்ததுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன், "இப்ப இன்னா சொல்ற?" என்று கேட்டார். "நல்லா இருக்கட்டும்யா. நான் சொன்னது பொய்யாவே போவட்டும்" என்றார் அண்ணி. அண்ணன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவர் திரும்பி வராந்தாப் படியில் இறங்கிப் போனார்.

மகள் குழந்தையோடு அந்த வீட்டுக்கு வரவேயில்லை. முதலில் ரோஷம், பிறகு பழக்கம். பேரனைப் பார்க்க அண்ணியும் அண்ணனும் தனித்தனியாக மீஞ்சூர் போய்வந்தார்கள். பின்பக்கப் பாத்தியில் அண்ணி அதற்கப்புறம் விதை போடவில்லை. தொட்டிகளைச் செங்கல் அடுக்கி மேலே ஏற்றி வைத்தார். எனக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் விதை கொடுத்து, "ஒங்க ஊட்ல போடுங்க தம்பி" என்றார். நான் பொன்னேரியில் இருக்கிறேன். எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கனகாம்பரம் இப்போதும் பூக்கிறது. உதிர்ந்த விதையில் முளைத்தவை சாக்கடைச் சிமெண்டு விரிசலில்கூட நிற்கின்றன.

போன வருஷம் அண்ணிக்கு முகம் ஊதத் தொடங்கியது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். டயாலிசிஸுக்குச் சென்னைக்கு அலைந்தோம். இது எதனால் வருகிறது என்று அண்ணன் டாக்டரிடம் கேட்டார். நூறு காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் அந்த நூறில் ஒன்றைச் சொல்ல வாயெடுத்ததைப் பார்த்தேன். அண்ணி கட்டிலில் படுத்தபடியே அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். பொங்கலுக்கு முன்னால் அண்ணி போய்விட்டார். இறந்த அன்று மகள் தனியாகத்தான் வந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகன் இல்லை, பேரனாவது தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அவனை அழைத்துவந்தார்கள். ஐந்து வயது. அவன் பாட்டி வீட்டுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. பின்பக்கத்தில் பந்தல் போட்டிருந்தது. ஐயர் வர நேரமாயிற்று. எல்லோரும் வெறுங்காலோடு மண்ணில் உட்கார்ந்தும் நின்றும் இருந்தோம். மகள் மட்டும் பையனை இடுப்பில் வைத்திருந்தாள். தூக்கி வைத்திருக்கும் வயதல்ல அவனுக்கு; கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இறக்கிவிடச் சொல்லி அவன் நெளிந்தான். அவள் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எறக்கி வுடேன்டி, எவ்ளோ நேரந்தான் தூக்கிக்கினு நிப்ப? மண்ணுல ஆடட்டும் புள்ள" என்றார் சம்பந்தியம்மா.

"இருக்கட்டும் அத்தை."

அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். அண்ணன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக எழுந்து மகளிடம் வந்து, கையை நீட்டினார். "குடும்மா, ஒனக்குக் கை வலிக்கும்."

"வேணாம் நைனா. நீ கீழ எறக்கி வுட்டுடுவ."

அண்ணன் நீட்டிய கையை எடுக்கவில்லை. "வுடல" என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கொடுத்தாள்.

அவர் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, பந்தலைத் தாண்டி, தான் மேடு பண்ணிக் கொடுத்த தெருவின் நடுவில் நடந்தார். வீட்டு வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். பையன் இறங்கவேண்டும் என்று முதுகில் குத்திக்கொண்டே போனான். தெரு முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில்தான் அண்ணன் குனிந்து, முதலில் ஒரு காலும் பிறகு ஒரு காலுமாக அவனைத் தரையில் நிறுத்தினார்.